தொண்டைக்கு ஓய்வு

அத்தியாயம் 11

வாயாடி என்று பெயர் வாங்கிய ஒரு பெண், சொந்த வீட்டில் வாயே திறக்காமல் மாதக்கணக்கில் இருக்க முடியுமா? சின்னவள் இருந்தாள். விடாமல் படித்து வருகிறவர்களுக்கு அந்தக் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

மேடம் என்று எல்லோரும் கூப்பிடுகிறவரின் முகம் தெருவில் யாருக்கும் தெரியாது. குரல் தெரியாத வீடு கிடையாது. டிவி தொடர்களில் கதாநாயகி வாயசைத்தால் அங்கே கேட்பது மேடத்தின் குரல்தான். தொண்டையில் வந்த கட்டியை எடுத்த பிறகு அந்தக் குரல் போனது போனதுதான். மேடம் அதைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. ஒரு பள்ளிக்கூட விழாவில், டிவியில் கேட்ட குரல்களையெல்லாம் அப்படியே பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த சின்னவளைப் பார்த்தார். கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு படிப்பு நின்றது. இப்போது கதவைச் சாத்திய ஒலிப்பதிவு அறைக்குள் மேடம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். மைக்கின் முன்னால் நின்று மேடமாகவே பேசுவது சின்னவள். தொடரின் கடைசியில் ஓடும் பெயர் மேடத்துடையது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. மேடத்திடம் பயிற்சிக்குப் போகிறாள் என்பதுதான் வீட்டுக்குத் தெரிந்த கதை. வீட்டாரோடு மேடத்தின் பேச்செல்லாம் மெசேஜில்தான்.

"வீட்டுல பேசாதே பாப்பா," என்று மேடம் முதல் வாரமே சொல்லியிருந்தார். "தொண்டைக்கு ஓய்வு வேணும். கிசுகிசுன்னு பேசறது இன்னும் கெடுதல். தலைய ஆட்டு, போதும். பாசம் இருக்கறவங்க புரிஞ்சுப்பாங்க."

வீட்டில் முதலில் சிரித்தார்கள். பிறகு அவளிடம் எதையும் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

போன மாதம் மேடம் இன்னொன்றும் சொன்னார், சொல்ல மனசே வராதவர் போல. "உங்க அக்கா என்னைப் பார்க்க வந்திருந்தா. 'இவ குரல்ல என்ன இருக்குன்னு இவ்வளவு மெனக்கெடறீங்க, நான் வேலைக்குப் போற தையல் ஆலைக்கே கூட்டிட்டுப் போயிடறேன்'னா. நான் விடுவேனா? நீ மனசுல வச்சுக்காதே."

மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிக் கொடுத்ததைத்தான் சின்னவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அதுவரை அக்காவைப் பார்த்துச் சிரிக்கவாவது செய்தாள். அதையும் நிறுத்தினாள்.

அந்த அக்கா இன்று கிளம்புகிறாள்.

* * *

அப்பா பெட்டிகளும் பைகளும் பழுது பார்க்கிறவர். வீட்டு முன்னறைதான் கடை. காலையிலேயே அக்காவின் பெட்டியைக் குப்புறப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊர்ல இருக்கற பெட்டிக்கெல்லாம் சக்கரம் மாட்டறீங்க," என்றாள் அக்கா. "என் பெட்டி மட்டும் நொண்டிக்கிட்டே போகணுமாப்பா?"

அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "நொண்டினாதானே நீ மெதுவா போவே."

அக்கா சிரித்தாள். சிரித்த கையோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தையல் ஆலையில் அவளுக்குக் கண்காணிப்பு வேலை கிடைத்திருந்தது, பஸ்ஸில் ஓர் இரவு தூரத்தில். இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலையே கொடுத்திருந்தார்கள்.

சின்னவள் உள்ளேயிருந்து வந்தாள். மடித்த துணிகளுக்கு நடுவில் கால் வைக்க இடம் பார்த்துத் தாண்டினாள்.

"மகாராணி கிளம்பியாச்சு போல," என்றாள் அக்கா. "வாய் திறக்க மாட்டாங்க, தெரியும். தலையாவது ஆடுதா பார்ப்போம். சாயங்காலம் என்னை பஸ் ஏத்தி விட வர்றியா?"

சின்னவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடும்மா. தொண்டைக்கு ஓய்வு," என்றார் அப்பா.

"தொண்டைக்கு ஓய்வு, சரி. கண்ணுக்கும் ஓய்வாப்பா? நிமிர்ந்து பார்த்தா காசா பணமா?"

அப்பா சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது சத்தமில்லாமல் ஓடியது. "பார்த்தியா, எண்ணெய் போட்ட மாதிரி," என்றார்.

சின்னவள் வாசல்படி இறங்கும்போது அக்கா பின்னாலேயே வந்து சட்டையின் தோளைப் பிடித்தாள். சின்ன வயசில் தெருவைக் கடக்கும்போது அப்படித்தான் பிடிப்பாள்.

"ரெண்டு வருஷம்டி. ஒரே ஒரு வார்த்தை பேசிட்டுப் போ. திட்டினாக் கூடப் போதும்."

சின்னவளுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. என் குரலில் ஒன்றுமே இல்லையா அக்கா, அதை என்னிடம் சொல்லாமல் அவர்களிடம் போய் ஏன் சொன்னாய்? கேட்டுவிடலாம். இன்றைக்கு அழுகைக் காட்சி இருக்கிறது, தொண்டையைத் தொடாமல் வா என்று மேடம் சொன்னதும் அதே இடத்தில் வந்து நின்றது. தோளை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

தெருமுனை திரும்பிய பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். வேலை நாலு மணிக்கு முடிந்துவிடும். பஸ் ஐந்தரைக்கு. நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். பதில் என்னவாக இருந்தாலும் சரி. கேட்காமல் அக்காவை அனுப்பிவிட்டால் இரண்டு வருஷத்துக்கு அது தொண்டையிலேயே கிடக்கும்.

* * *

ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் போனை மேடத்தின் கையில் கொடுத்துவிட வேண்டும். அது மேடத்தின் கைப்பைக்குள் போகும். பிறகு இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் வெந்நீரும். வெறும் வயிறு கத்தினால் அதையும் மைக் பிடித்துவிடும். சலசலக்காத பழைய பருத்திச் சட்டைதான் போட வேண்டும். வளையல் கூடாது. தாளைத் திருப்பும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

இன்றைய காட்சியில் கதாநாயகி வாசலில் நிற்கிறாள். கூடப் பிறந்தவன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறான். திரையில் அந்த நடிகையின் உதடு சத்தமில்லாமல் அசைகிறது. அந்த உதட்டுக்குள் சின்னவள் குரலை வைக்க வேண்டும்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே..." என்றாள்.

ஹெட்போனுக்குள் இன்ஜினியர் இருமினார். "உதட்டோட குரல் சரியா உக்காந்துடுச்சு. அழுகையும் வருது. கண்ணுல தண்ணிதான் வரல."

இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை. மதியம் தாண்டி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே தாழ்வாரத்தில் தொடரை எடுக்கும் கம்பெனி ஆள் நடந்துகொண்டிருப்பது கதவின் அடி இடுக்கில் தெரிந்தது. அவருக்கு இன்று ராத்திரிக்குள் காட்சி போய்ச் சேர வேண்டும். சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை ஆகப்போகிறது.

மேடம் முக்காலியிலிருந்து எழுந்து வந்தார். ஹெட்போனின் ஒரு பக்கத்தை மெதுவாக விலக்கினார். மேடம் பேசினால் இப்போதெல்லாம் மணலில் செருப்பு தேய்வது போல இருக்கும். அதனால்தான் வெளியாட்கள் இருக்கிற இடத்தில் அவர் புன்னகையோடு நிறுத்திக்கொள்வது.

"உங்க அக்கா இன்னிக்குப் போறா இல்ல?" என்றார் காதோரமாக. "அஞ்சரை பஸ்ஸு. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போறா. அவளுக்கு நீ யாரு? யாருமில்ல. அப்பாவுக்கு அவர் பெட்டி. உனக்கு நான் இருக்கேன், எனக்கு நீ இருக்கே. அவ்வளவுதான் நம்ம உலகம். அதை நெனச்சுக்கோ. இப்பப் பேசு."

ஹெட்போன் மறுபடி காதில் உட்கார்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் நடிகை வாசலைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் அழுதாள். குரல் உடைந்து, நடுவில் ஒரு மூச்சு தப்பி, மறுபடி பிடித்துக்கொண்டு, கடைசி வார்த்தை உதட்டோடு சரியாகப் போய் ஒட்டியது. அழுகை நடிகையுடையதா தன்னுடையதா என்று அவளுக்கே தெரியவில்லை. விளக்கு அணைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் எழுந்து நின்று கைதட்டுவது சத்தமில்லாமல் தெரிந்தது.

அழுது முடித்த தலைக்குள் ஒரு சின்ன விஷயம் வந்து உட்கார்ந்தது.

அக்கா இன்று போகிறாள் என்று மேடத்துக்கு யார் சொன்னது?

நான் சொல்லவில்லை. நான்தான் யாரிடமும் பேசுவதே இல்லையே. பஸ் நேரம்கூடத் தெரிந்திருக்கிறது. அக்கா சொல்லாமல் போகிறாளாம். காலையில் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசு என்று கெஞ்சியது யார்? இதையே மாற்றிச் சொல்கிறவர் போன மாதம் சொன்னது மட்டும் எப்படி நிஜமாக இருக்கும்?

மேடத்துக்கு ஒரு நல்ல அழுகை தேவைப்பட்டது. அதற்காகக் கையில் இருந்ததை எடுத்து வீசிவிட்டார். முப்பது வருஷப் பழக்கம். காட்சி நன்றாக வர வேண்டும் என்றால் அவர் வேறெதையும் யோசிக்க மாட்டார்.

"அக்கா உங்ககிட்டப் பேசினாளா?" என்று கேட்டாள் சின்னவள்.

கேட்டது மேடத்தின் காதில் வெறும் குரலாகத்தான் விழுந்தது. கண்ணை மூடி ரசித்தார். "குரல் எவ்வளவு அழகா நிக்குது பாரு. இப்படியே வச்சுக்கோ. இன்னும் ரெண்டு சீன் இருக்கு. வெந்நீர் குடி."

சின்னவள் ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள். பையும் போனும் அங்கேயே இருக்க, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். மேடம் முக்காலியைத் தட்டிவிட்டுப் பின்னாலேயே வந்தார். வாயைத் திறந்தார். கூப்பிட முடியவில்லை. தாழ்வாரத்தில் கம்பெனி ஆள் நின்றுகொண்டிருந்தாரே!

"மேடம், என்னமா அழுதீங்க! ஸ்பீக்கர்ல கேட்டுட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு!" என்று அவர் திறந்த கதவைப் பார்த்துக் கும்பிட்டார். சின்னவளை அவர் கவனிக்கக்கூட இல்லை.

* * *

வரவேற்பு மேஜையில் யாரும் இல்லை. சின்னவள் அங்கிருந்த போனை எடுத்து அப்பாவுக்கு அடித்தாள்.

"ஹலோ," என்றாள்.

"வணக்கம் மேடம்!" அப்பா எழுந்து நிற்பது போனிலேயே கேட்டது. ஏதோ ஒரு பெட்டி சரிந்து விழுந்தது. "நம்பர் ஸ்டூடியோவோடது, குரல் உங்களோடது. உங்க ஹலோவே மணியடிச்ச மாதிரி இருக்கே, தெரியாதா? பெரியவ இப்பதான் பெட்டிய இழுத்துக்கிட்டுப் போறா. காலையில உங்களுக்கு மெசேஜ் போட்டிருந்தாளே, தங்கச்சிய சீக்கிரம் அனுப்புங்கன்னு. நீங்களும் சரின்னு பதில் போட்டீங்களாமே. சின்னவ கிளம்பிட்டாளா மேடம்?"

"இல்ல... நான்..."

"பரவாயில்ல, பரவாயில்ல. வேலை இருக்கும். நீங்க ஏன் வருத்தப்படறீங்க?"

சின்னவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, உள்ளங்கைக்குள் 'அப்பா' என்று சொல்லிப் பார்த்தாள். அதுவும் வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கதாநாயகி போலவே வந்தது. மேடம் அப்பாவை 'அப்பா' என்று கூப்பிட்டால் அவர் என்ன நினைப்பார்?

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? தப்பா எடுத்துக்கக் கூடாது," அப்பா குரலைத் தாழ்த்தினார். "அவள வீட்டுல கொஞ்சம் பேசச் சொல்லுங்களேன். நல்லதா பேசணும்னு இல்ல. சண்டை போட்டாக் கூடச் சரி. பெரியவளும் போயாச்சு. இனிமே நான் இந்தப் பெட்டிங்களோடதான் பேசணும். வாயத் திறந்து விட்டாலும் இதுங்க பதில் சொல்லாது." சிரித்தார். "நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிடாதீங்க. கோவிச்சுக்குவா."

போனை வைத்துவிட்டு சின்னவள் ஓடினாள்.

* * *

பஸ் ஸ்டாண்டில் அக்கா ஏறியிருந்த பஸ் ஏற்கனவே உறுமிக்கொண்டிருந்தது. கதவு மூடிவிட்டது. ஏசி பஸ். ஜன்னல் எல்லாம் திறக்க முடியாத கண்ணாடி.

"அக்கா!" என்று கத்தினாள்.

சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பியது. "டிவில வர்ற குரல் மாதிரி இல்ல?" என்றாள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி. பழம் விற்கிறவர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார், மேலே ஸ்பீக்கர் ஏதாவது கட்டியிருக்கிறதா என்று. அக்கா திரும்பவில்லை. ஜன்னலோரமாக, மடியில் பையை வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோவிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாக அந்த வழியாகத்தான் வருவார்கள். சின்னவள் குறுக்கு வழியில் வந்திருந்தாள்.

கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தாள். அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு சுருங்கியது. பேச ஆரம்பித்தாள். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

சத்தமில்லாத உதட்டைப் படிப்பதுதானே சின்னவளின் தினசரி வேலை. அக்காவின் உதடு சொன்னது ஒன்றுவிடாமல் புரிந்தது.

"என்னைப் பார்க்கவே பிடிக்கலன்னு ஏண்டி மேடம்கிட்ட சொன்னே? நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

சின்னவள் இல்லையென்று வேகமாகத் தலையாட்டினாள். "நான் சொல்லல! நீ என்னைப் பத்திச் சொன்னதா அவங்க என்கிட்ட சொன்னாங்க. என் குரல்ல ஒண்ணுமில்லன்னு நீ சொன்னியா?"

அக்கா காதைத் தொட்டுக் காட்டினாள். கேட்கலை. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து சின்னவளின் வாயையே பார்த்தாள். உதட்டைப் படிக்க அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒன்றும் புரியவில்லை. தங்கச்சி தன்னைப் பார்த்து வாயைத் திறந்து பேசுகிறாள் என்பது மட்டும் புரிந்தது போலிருந்தது. கண்ணாடியில் அக்காவின் மூச்சு வெள்ளையாகப் படர்ந்தது. அதைக் கையால் துடைத்தாள்.

பஸ் பின்னால் நகர்ந்தது. சின்னவள் கூடவே ஓடினாள். வளைவில் திரும்பும்போது அக்காவின் உதடு கடைசியாக ஒன்று சொன்னது.

"அப்பாகிட்டப் பேசு."

பிறகு பஸ்ஸின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. கூட்டம் அவரவர் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. இவ்வளவு பேர் நடுவில் தன் குரல் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்று சின்னவளுக்குத் தோன்றியது. எல்லோருக்கும் தெரிந்தது மேடத்தின் குரல். டவுன் பஸ் டிக்கெட்டுக்குக் காசு பையில் இருந்தது; பை ஸ்டூடியோவில் இருந்தது. வீடு வரை நடந்தாள். வழி நெடுக 'அப்பா', 'அப்பா' என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதிரே வந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார்.

* * *

வாசலில் மேடத்தின் செருப்பு கிடந்தது.

உள்ளே, அக்கா உட்காரும் நாற்காலியில் மேடம். கழுத்தில் சால்வை. கையில் டீ. பக்கத்தில் சின்னவளின் பை. அப்பா முன்னறைப் பெட்டிகளையெல்லாம் ஓரமாகத் தள்ளி, விருந்தாளிக்கு இடம் பண்ணியிருந்தார்.

"வாம்மா," என்றார். "மேடம் எவ்வளவு பெரிய மனுஷி, உன் பையை எடுத்துக்கிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. பாவம், தொண்டை வேற கட்டிக்கிச்சு."

"சளி," என்றார் மேடம், அந்த மணல் குரலில். சின்னவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "பயந்தே போயிட்டேன் பாப்பா. கோவமா? காலையில பேசிக்கலாம். இப்ப நல்லாத் தூங்கு. அந்த ரெண்டு சீன் பாக்கி இருக்கு, கம்பெனிக்காரர் உக்காந்திருக்கார்."

சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா டீ வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ யோசித்தார். பொதுவாக அவருக்கு யோசனை மெதுவாகத்தான் வரும். வந்தால் போகாது.

"சாயங்காலம் போன்ல நல்லா இருந்துச்சே மேடம்," என்றார். "மணி மாதிரி. அதுக்குள்ள இப்படியா கட்டிக்கும்?"

மேடத்தின் டம்ளர் உதட்டுக்குப் போகும் வழியில் நின்றது. "நான் எங்க போன் பண்ணினேன்?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. சொன்னது சொன்னதுதான்.

"நீங்க பண்ணலியா?" அப்பாவின் முகம் சிவந்தது. கோபம் இல்லை, வெட்கம். பெட்டிகளோடு பேசப்போவதையெல்லாம் யாரோ ஒருவரிடம் கொட்டியிருக்கிறாரே. "அப்ப நான் யார்கிட்டப் பேசினேன்?"

மேடம் சின்னவளைப் பார்த்தார். அப்பாவுக்குத் தெரியாதபடி ஒரு விரலைத் தன் தொண்டையில் வைத்து லேசாக அழுத்தினார். பேசாதே, ஓய்வு. ஸ்டூடியோவில் அந்த விரலைப் பார்த்தால் சின்னவளின் வாய் தானாக மூடிக்கொள்ளும். இப்போதும் மூடியது.

அப்பா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. இந்த வீட்டில் சின்னவளிடமிருந்து பதில் வராது என்பது அவருக்குப் பழகிவிட்டது. குனிந்து, சரிந்து கிடந்த ஒரு பையை நிமிர்த்தி வைக்கப் போனார்.

"என்கிட்டதான்பா," என்றாள் சின்னவள்.

மேடத்தின் குரலாகவே வந்தது, மணியடித்த மாதிரி. அப்பா பையை விட்டுவிட்டு முதலில் மேடத்தைத்தான் பார்த்தார். மேடத்தின் உதடு அசையவில்லை. மெதுவாகத் திரும்பி சின்னவளின் வாயைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார்.